வாசகர் கேள்வி – பதில்: ரீலோடிங் மேசையில் ஈயத் தூசி

சுட்டு முடித்த பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே மறுபடி தோட்டா கட்டிக்கொள்வது (ரீலோடிங்) அமெரிக்காவில் சட்டப்படியான பொழுதுபோக்கு. அங்கே குடியேறிய நம்மவர்களில் சிலருக்கும் இது தொற்றியிருக்கிறது என்பது வந்திருக்கும் கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஈயம் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்துத் தந்திருக்கிறோம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். எனவே இங்குள்ள வாசகர்களுக்குப் பொருந்துவது ஏர் ரைஃபிள் பற்றிய பதில் மட்டுமே.

கேள்வி: 9 எம்.எம். தோட்டா ரீலோட் செய்கிறேன். செம்பு உறை போட்ட குண்டைத்தான் வாங்குகிறேன். ஈயம் உருக்குவதும் கிடையாது. இந்த ஆண்டுப் பரிசோதனையில் ரத்தத்தில் ஈயம் 14 (ஒரு டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம்) என்று வந்திருக்கிறது. எங்கிருந்து வந்திருக்கும்?
– டாலஸ் வாசகர்

பதில்: குண்டை விடுங்கள், பிரைமரைப் பாருங்கள். உறையின் அடியில் இருந்து, அடிபட்டதும் தீப்பற்றி வெடிமருந்தைக் கிளப்பும் சிறு கிண்ணம் அது. சாதாரண பிரைமருக்குள் இருக்கும் வெடிப்பொருள் லெட் ஸ்டிஃப்னேட். பேரியம் நைட்ரேட்டும் ஆன்டிமனி சல்ஃபைடும் அதோடு கலந்திருக்கும். சுட்டதும் இது எரிந்து, ஈயம் மிக நுண்ணிய துகளாகப் பித்தளை உறைக்குள்ளும் பிரைமர் குழியிலும் படிகிறது. குழியைச் சுரண்டும்போது கறுப்பாகப் பொரிந்து விழுகிறதே, அதுதான். கட்டி ஈயத்தைக் கையில் பிடித்தால் விரலில் சாம்பல் நிறக் கறை தெரியும், கழுவத் தோன்றும். இந்தத் துகளோ கண்ணில் படாது. கட்டி ஈயத்தைவிட எளிதாக உடம்பில் சேரவும் செய்யும்.

எஃப்.எம்.ஜே. எனப்படும் சாதாரண செம்பு உறைக் குண்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே செம்பு மூடியிருக்காது, ஈயம் வெளியே தெரியும். சுடும்போது சூடான வாயு அதில்தான் மோதுகிறது. ஆக, உள்ளரங்க ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடத்தில்) நீங்கள் சுவாசிப்பதிலும் ஈயம் உண்டு. காற்றோட்டம் சரியில்லாத ரேஞ்சில் வாரம் இரண்டு முறை சுடுபவருக்கு, ரீலோடிங்கே செய்யாவிட்டாலும் 14 வரலாம்.

உங்கள் மேசையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, உறைகளை உருட்டிச் சுத்தம் செய்யும் டம்ப்ளர் இயந்திரம். மக்காச்சோளக் கட்டைத் தூளோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்டு உலர்வாக ஓட்டும் வகைதானே? ஒரே தூளில் (மீடியா என்பார்கள்) பல நூறு உறைகள் உருண்டால் அத்தனையின் பிரைமர் கரியும் அந்தத் தூளில் சேர்கிறது. பிறகு மூடியைத் திறந்து, சல்லடையில் கொட்டி, கையால் குலுக்குகிறீர்கள். மூக்குக்கு நேரே எழும்பும் அந்தத் தூசிதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே மோசமான ஒரு நிமிடம். ஈயம் உருக்குவதற்குப் பயப்படும் பலர் இதற்குப் பயப்படுவதில்லை.

இன்னொன்று. அந்த 14 விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தமா, நரம்பிலிருந்து எடுத்ததா? விரலில் ஈயத் தூசி ஒட்டியிருந்தால் குத்தும்போதே ரத்தத்தில் கலந்து எண்ணை ஏற்றிக் காட்டும். நரம்பு ரத்தத்தில் மறுபடி பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

கேள்வி: உலர் டம்ப்ளரைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தண்ணீர் டம்ப்ளர் வாங்கிவிடலாமா? உலர் முறையிலேயே பாதுகாப்பாகச் செய்ய முடியாதா?
– ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். தண்ணீருக்குள் தூசி எழும்ப வழியே இல்லை. இதற்கு மேல் ஒரு காரணம் தேவையில்லை.

தண்ணீர் முறையில் பிரைமரை முதலில் கழற்றிவிட வேண்டும். அப்போதுதான் குழியும் சுத்தமாகும், உள்ளே தேங்கிய நீரும் வடியும். டிரம்மில் பித்தளை உறைகள், எவர்சில்வர் ஊசிகள், மூழ்கும் அளவு தண்ணீர், ஒரு பீய்ச்சு பாத்திரம் தேய்க்கும் சோப்பு, கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட். இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டினால் போதும். ஆசிட்டை அள்ளிப் போட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து உறை இளஞ்சிவப்பாகிவிடும். ஓடி முடிந்ததும் வரும் கருஞ்சாம்பல் நிறத் தண்ணீரில் ஈயம் இருக்கிறது. அதைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், கொல்லையிலும் வேண்டாம். நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, இதற்கென்றே வைத்த வாளிகளில் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள்.

உலர்த்துவதில் பலர் சறுக்குகிறார்கள். சாப்பாடு செய்யும் ஓவனில் வைக்கக் கூடாது. வெயிலில் துண்டு விரித்துப் பரப்பலாம். பழம் உலர்த்தும் டீஹைட்ரேட்டர் ஒன்றை இதற்கு மட்டும் ஒதுக்கலாம். அதில் பிறகு எதையும் தின்னக் காயப்போடக் கூடாது. ஒவ்வொரு உறைக்குள்ளும் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். .223 போன்ற குறுகிய கழுத்துள்ள உறைகளில் இரண்டு ஊசிகள் குறுக்கே சிக்கிக்கொண்டு, தட்டினாலும் விழாது.

உலர் டம்ப்ளரிலேயே தொடர்வதென்றால் நேர்மாறாக, பிரைமரைக் கழற்றாமல் ஓட்டுங்கள். குழிக்குள் இருக்கும் கரி அங்கேயே அடைபட்டிருக்கும், மீடியாவில் சேர்வது குறையும். துணி உலர்த்தும் டிரையரில் போடுவோமே டிரையர் ஷீட், பயன்படுத்திய ஒன்றை நான்கு துண்டாகக் கிழித்து உள்ளே போட்டால் தூசி அதில் ஒட்டும். ஒவ்வொரு தடவைக்கும் புதிய துண்டுகள் வேண்டும். பித்தளை பாலிஷ் ஒரு மூடி ஊற்றி, உறை போடாமல் பத்து நிமிடம் ஓட்டினால் மீடியா லேசாக ஈரம் பிடித்து அடங்கும். அமோனியா கலந்த பாலிஷ் வேண்டாம், பித்தளையை அரித்துப் பலவீனமாக்கும்.

இயந்திரம் நின்ற கையோடு மூடியைத் திறக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் தூசி படியட்டும். பிரிப்பதற்கு மூடியுள்ள, கைப்பிடி சுற்றும் செப்பரேட்டர் கிடைக்கிறது. அதை வீட்டுக்கு வெளியே வைத்து, காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வீசும்படி நின்று சுற்றுங்கள். நுண்துகளைப் பிடிக்கும் பி100 வடிகட்டி போட்ட அரைமுக மாஸ்க் அணியுங்கள். முகத்தில் தாடி இருந்தால் அந்த மாஸ்க் சரியாகப் பொருந்தாது, பக்கவாட்டில் காற்று புகும். தாடியை எடுக்க மனமில்லாதவர் தண்ணீர் முறைக்கு மாறுவதே மேல். மீடியா கறுத்துவிட்டால் மாற்றிவிடுங்கள், இன்னும் ஒரு தடவை வரும் என்று இழுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது, மனைவி மறுபடி கர்ப்பம். துணி துவைக்கும் அறையில் ஒரு மூலையில் தோட்டா கட்டும் பிரஸ் வைத்திருக்கிறேன். இடத்தை மாற்ற வேண்டுமா, இல்லை துடைத்து வைத்தாலே போதுமா?
– நியூ ஜெர்சி வாசகர்

பதில்: மாற்றத்தான் வேண்டும். உட்கொண்ட ஈயத்தில் பெரியவர்கள் உடம்பில் சேர்வது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சிறு குழந்தைகளுக்குப் பாதிவரை சேரும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்காமல் இருக்காது. ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டும். தாயின் எலும்பில் பல ஆண்டுக்கு முன் தங்கிய ஈயம்கூடக் கர்ப்பத்தில் கால்சியத்தோடு சேர்ந்து ரத்தத்துக்கு வரும். ஆகவே உங்கள் மனைவி அந்த அறைப் பக்கமே போகக் கூடாது. உங்கள் ரேஞ்ச் உடுப்பைத் துவைக்கவும் கூடாது.

துணி அறையை நாங்கள் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், டிரையர் ஓடும்போது அறைக் காற்றை இழுக்கும், அங்கேதான் குழந்தையின் துணி மடித்துக் கிடக்கும். வீட்டு ஏ.சி.யின் ரிட்டர்ன் குழாய் இருக்கும் அறையும் ஆகாது. தூசி எல்லா அறைக்கும் போய்ச் சேரும். தனி கராஜ் நல்லது. வெறும் சிமென்ட் தரையானால் வினைல் விரித்துவிடுங்கள், துடைக்க எளிது. கார்ப்பெட் இருக்கும் இடம் எந்த நிலையிலும் வேண்டாம். அதில் இறங்கிய ஈயம் வெளியே வராது, கார்ப்பெட்டையே பிய்த்து எறிய வேண்டியிருக்கும். ஃபேன் வைத்தால் காற்றை வெளியே தள்ளும்படி ஜன்னலில் வையுங்கள். மேசைமேல் வீசும் ஃபேன் தூசியை அறை முழுக்க இறைக்கும்.

துடைப்பம் எடுக்காதீர்கள். சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம், நுண்துகளை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் ஊதும். உண்மையான ஹெப்பா வாக்குவம் (0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிப்பது) இருந்தால் சரி. இல்லையென்றால் சோப்புத் தண்ணீரில் நனைத்த பேப்பர் டவலால் ஒரே திசையில் துடைத்து, அந்தத் தாளை அப்படியே மடித்துப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். துணியை அலசி அலசித் துடைத்தால் அழுக்குத் தண்ணீரைப் பூசுவதாகத்தான் முடியும்.

பழைய மூலையை இப்படி முழுக்கச் சுத்தம் செய்த பிறகு, கடையில் விற்கும் ஈயச் சோதனைக் குச்சியால் தரை, சுவிட்ச், கதவுக் கைப்பிடி மூன்றையும் தேய்த்துப் பாருங்கள். சிவந்தால் மறுபடி துடையுங்கள். குச்சி சிவக்கவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதியடைய வேண்டாம். மூத்த குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை இப்போதே எடுத்துவிடுங்கள், மனைவியின் மருத்துவரிடமும் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2021 முதல் வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராம். அது பாதுகாப்பான அளவு என்று பொருளல்ல. அத்தகைய அளவே கிடையாது.

கேள்வி: கையுறை போட்டால் பிரைமர் பிடிபடவில்லை, வழுக்குகிறது. முடித்ததும் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவுகிறேன். போதாதா?
– ஓஹையோ வாசகர்

பதில்: சோப்பு மட்டும் போதாது. ஈயத் தொழிலாளர்களின் கைகளைச் சோதித்த அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷ், சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிய பிறகும் ஈயம் மிச்சமிருப்பதைக் கண்டுதான் ஈயம் நீக்கும் துடைப்பானை உருவாக்கியது. டி-லெட் போன்ற பெயர்களில் சோப்பும் துடைப்பானும் கிடைக்கின்றன. முதலில் துடைப்பானால் விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எல்லாம் துடைத்துவிட்டு, பிறகு அந்தச் சோப்பால் கழுவுங்கள். ஆல்கஹால் சானிடைசர் இதற்கு உதவாது.

மெல்லிய நைட்ரைல் கையுறை கை அளவுக்குச் சரியாக வாங்கினால் பிரைமர் வழுக்காது, பெரும்பாலும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். உலோக ஈயம் தோல் வழியாக உள்ளே போவது மிகச் சொற்பம். கையிலிருந்து வாய்க்குப் போவதுதான் வழி. அதனால் மேசையில் காபி வேண்டாம், முறுக்கு வேண்டாம், சிகரெட் வேண்டவே வேண்டாம். ரீலோடிங் அளவுக் குறிப்பைப் பார்க்க அதே கையால் செல்போனைத் தடவிவிட்டு, பிறகு கை கழுவி, அதே போனைக் காதில் வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். குறிப்பைக் காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக உறிஞ்சப்படும் என்பதால் சாப்பிட்டுவிட்டு உட்காருவது நல்லது.

கேள்வி: டயர் கடைகளில் கிடைக்கும் பழைய வீல் வெயிட்டுகளை (சக்கரச் சமநிலைக்கான எடைத்துண்டுகளை) உருக்கிக் குண்டு வார்க்க ஆசை. ஈயப் புகைக்கு என்ன மாஸ்க் போட வேண்டும்? பழைய கார் பேட்டரி ஈயமும் கைவசம் இருக்கிறது.
– அயோவா வாசகர்

பதில்: பேட்டரியை அப்படியே மறுசுழற்சிக் கடையில் கொடுத்துவிடுங்கள். அமிலம் ஒரு பக்கம் இருக்கட்டும். தட்டுகளில் ஆர்செனிக், ஆன்டிமனி, கால்சியம் கலந்திருக்கும். அதை உருக்கும்போது மேலே ஒதுங்கும் கசடில் ஈரம் பட்டால் ஆர்சின், ஸ்டிபின் என்ற கொடிய வாயுக்கள் வரக்கூடும். உங்கள் மாஸ்க் அவற்றைத் தடுக்காது.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், 1749-இல்தான் கொதிக்கும். குண்டு வார்க்கும் 370 – 400 டிகிரியில் ஆவியாவது மிகக் குறைவு. ஆனால் மேலே ஒதுங்கும் ஏடு காய்ந்தால் ஈய ஆக்ஸைடுத் தூளாகிறது, அதைக் கரண்டியால் வழித்துத் தட்டும்போது பறக்கிறது. ஆபத்து அங்கே. வழித்ததை மெதுவாக ஒரு தகர டப்பாவில் சாய்த்து, மூடி போட்டு வையுங்கள். தட்டாதீர்கள், ஊதாதீர்கள். வேலை திறந்தவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி. பி100 மாஸ்க் போட்டு.

வீல் வெயிட்டில் ஈயம் மட்டும் இல்லை. இப்போது வருவதில் பாதிக்கு மேல் துத்தநாகமோ இரும்போ இருந்தாலும் ஆச்சரியமில்லை. துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும். தெர்மாமீட்டர் வைத்து 370-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் அது உருகாமல் மேலே மிதக்கும், வழித்து எடுத்துவிடலாம். கவனம் பிசகி அதுவும் உருகிவிட்டால் மொத்தமும் கஞ்சி மாதிரி கட்டிதட்டி, அச்சில் ஒழுங்காக நிரம்பாது.

ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய ஈயத்துக்கு அடியில் போனால் ஒரே நொடியில் நீராவியாகி, பாத்திரத்திலுள்ளதை முகத்தில் வாரி அடிக்கும். டயர் கடை வாளியில் ஈரமும் எண்ணெயும் கிடக்கும். அதனால் வெயிட்டுகளைக் காலிப் பாத்திரத்தில் போட்டுப் பிறகே அடுப்பை மூட்டுங்கள். ஏற்கெனவே உருகியதில் கொட்டாதீர்கள். முகக்கவசம், தோல் கையுறை, மூடிய காலணி, பருத்திச் சட்டை. நைலான் சட்டையில் துளி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

வார்த்த குண்டுக்கு பவுடர் கோட்டிங் (தூளாகப் பூசிச் சூட்டில் ஒட்டவைக்கும் பூச்சு) செய்துவிட்டால், பிறகு கையில் எடுக்கும்போது ஈயம் ஒட்டாது. ஏறக்குறைய 200 டிகிரியில் 20 நிமிடம் சுட வைக்க வேண்டும். அதற்குப் பழைய டோஸ்டர் ஓவன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது மறுபடி சமையலறைக்குள் வரக் கூடாது.

கேள்வி: துப்பாக்கி சைலன்சருக்குள் படிந்த ஈயத்தை வினிகரும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் கலந்து ஊற வைத்தால் கரைந்துவிடுகிறது. சமையல் வினிகர்தானே, பயமில்லையே?
– ஜார்ஜியா வாசகர்

பதில்: நிறுத்திவிடுங்கள். கரைந்து போனதாக நீங்கள் நினைக்கும் ஈயம் அந்தத் திரவத்தில் லெட் அசிட்டேட்டாக இருக்கிறது. உலோக ஈயத்தைப் போலன்றி இது தண்ணீரில் கரையும், தோல் வழியாகவும் ஏறும். வீட்டில் ஒருவரால் தயாரிக்க முடிந்த ஈயச் சேர்மங்களில் இவ்வளவு மோசமானது வேறு எதுவும் எங்களுக்கு நினைவு வரவில்லை. ஏற்கெனவே வைத்திருக்கும் திரவத்தை பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடி, லேபிள் எழுதி, குழந்தைகள் எட்டாத இடத்தில் வைத்து, உங்கள் கவுண்டியின் அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு வந்தால் கவலைப்பட வேண்டும்? எனக்கு 22. உடம்பிலுள்ள உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் செலேஷன் மாத்திரையை இணையத்தில் வாங்கிச் சாப்பிடலாமா? ஊரில் ஒரு வைத்தியர் உடம்பிலுள்ள உலோகத்தை இறக்கும் பஸ்பம் தருவதாகச் சொல்கிறார்.
– சிகாகோ வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். பஸ்பத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். உலோகம் சேர்ந்த மருந்துகளாலேயே ரத்தத்தில் ஈயம் ஏறியவர்கள் உண்டு. நியூயார்க்கில் ஆயுர்வேத மருந்து சாப்பிட்ட கர்ப்பிணிகள் ஆறு பேருக்கு ஈயம் ஏறியதை 2012-இல் சி.டி.சி. வெளியிட்டது. செலேஷன், அளவு மிகவும் ஏறியவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் தருவது. வீட்டில் தூசி இருக்கும்போதே அதைச் சாப்பிடுவது நிலைமையை மோசமாக்கலாம்.

தொழிற்சாலைகளுக்கான 1978 ஓஷா (அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு) விதியில் 60 வந்தாலோ, சில பரிசோதனைகளின் சராசரி 50-ஐ எட்டினாலோதான் தொழிலாளியை வேலையிலிருந்து விலக்குவார்கள். அதைப் பார்த்து 22-ஐ லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பழைய காலத்து எண். கலிஃபோர்னியா 2025-இல் விலக்கும் அளவை 30-ஆகக் குறைத்துவிட்டது. பத்துக்குக் கீழேயே ரத்த அழுத்தம் ஏறுகிறது, ஐந்துக்குக் கீழேயே சிறுநீரகத்தின் வேலை குறைகிறது என்று 2012-இல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் முடிவுக்கு வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது, ரேஞ்சும் ரீலோடிங்கும் இரண்டையும் நிறுத்துவது. ரத்தத்திலுள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். ஆனால் எலும்பில் தங்கியது பல ஆண்டு அங்கேயே கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். அதனால் நெடுநாள் பழக்கமுள்ளவருக்கு எண் அவ்வளவு வேகமாக இறங்காது. இரண்டு மூன்று மாதம் கழித்து நரம்பு ரத்தத்தில் மறுபடி பாருங்கள். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்தவர்களுக்கு ஈயம் கூடுதலாக ஏறும். சைவ உணவுக்காரர் என்றால் ஃபெரிட்டினையும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

நிறுத்தியும் இறங்கவில்லையென்றால் சமையலறைக்குப் போங்கள். ஊரிலிருந்து கொண்டு வந்த ஹிண்டாலியம் சட்டி இருக்கிறதா? இறக்குமதியான இத்தகைய சில பாத்திரங்களிலிருந்து சாப்பாட்டில் ஈயம் கசிவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. உதிரியாக வாங்கி வந்த மஞ்சள்தூளையும் குங்குமத்தையும்கூடச் சோதிக்கக் கொடுக்கலாம். நம் வீடுகளில் துப்பாக்கி மேல் மட்டுமே பழி போட முடியாது.

கேள்வி: மகள் பள்ளியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறாள். பெல்லட் ஈயம் என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?
– கோவை வாசகர்

பதில்: ஏர் ரைஃபிளில் பிரைமர் கிடையாது, அதனால் மேலே சொன்னதில் பெரும்பகுதி பொருந்தாது. 4.5 மில்லிமீட்டர் பெல்லட் ஈயம்தான். கையில் ஒட்டும், இலக்குப் பெட்டியின் இரும்பில் மோதி நொறுங்கும் இடத்தில் தூசியும் இருக்கும். பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு ரைஃபிளை மடக்கும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு உண்டு. அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்து கை, முகம் கழுவிய பிறகே டிபன் பாக்ஸ். இலக்குப் பெட்டியைச் சுத்தம் செய்யும் வேலையைப் பிள்ளைகளிடம் விடக் கூடாது என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளீயத்தில் செய்த ஈயமில்லாப் பெல்லட்டும் கிடைக்கிறது, விலை கூடுதல்.

கேள்வி: காலி பிரைமர்கள் ஒரு ஜாடி நிறையச் சேர்ந்துவிட்டன. பழைய மீடியாவும் இருக்கிறது. குப்பையில் போடலாமா?
– டென்வர் வாசகர்

பதில்: மீடியாவை இரட்டைப் பையில் கட்டி அபாயக் கழிவு சேகரிப்புக்குக் கொண்டுபோங்கள். செடிக்கு உரமாகப் போடுவதாகவும் சிலர் எழுதியிருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். பிரைமர் கிண்ணங்களைப் பழைய இரும்புக் கடையில் பித்தளையாக எடுப்பார்களா என்று கேளுங்கள். ஈயக் கரி ஒட்டியது என்று சொல்லிக் கொடுங்கள். சுடாத பிரைமர் ஒன்றுகூட அதில் கலந்திருக்கக் கூடாது. இனிமேல் பிரஸ்ஸிலிருந்து விழும் பிரைமரை ஒரு குழாய் வழியாக, அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய பாட்டிலுக்குள் விழச் செய்யுங்கள். ஜாடியைக் கவிழ்க்கும்போது எழும் கறுப்புத் தூசி அப்போது இருக்காது.